புதுப்பிப்பு: நுண்கலை படித்தால் என்ன வேலை என்று கேட்டிருந்தேனே

நுண்கலைப் படிப்பில் சேரலாமா, ஓவிய ஆசிரியர் வேலையை விட்டால் வேறு வழி உண்டா என்று நான்கு வருடத்துக்கு முன் கேட்டிருந்தேன். சேர்ந்தேன், முடித்தும்விட்டேன்.

முதல் வருடம் முழுக்கக் கரித்துண்டும் தாளும்தான். நான் வரைந்த நாற்காலியைப் பார்த்த ஆசிரியர், "நாற்காலியை விடு, கால்களுக்கு நடுவே இருக்கிற வெற்றிடத்தை வரை" என்றார். எரிச்சலாக இருந்தது. வரைந்து பார்த்தால் நாற்காலி தானாகவே சரியாக வந்து நின்றது.

இப்போது ஓவியப் பாதுகாப்புக் கூடம் ஒன்றில் உதவியாளர். பழைய ஓவியத்தில் வண்ணம் உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவோம். தள்ளி நின்றால் கண்ணுக்குப் படாது. கிட்டே வந்தால் எது பழசு, எது நாங்கள் சேர்த்தது என்று தெரிந்துவிடும். 1940களில் ரோமில் உருவான முறை. போட்ட வண்ணத்தைப் பின்னால் வருபவர் சுத்தமாக அகற்றவும் முடியவேண்டும். அதற்கு வேதியியல் தெரியவேண்டும். பள்ளியில் அதைக் கண்டு ஓடியவன், மேற்படிப்புக்காக இப்போது அதையே உட்கார்ந்து படிக்கிறேன்!

கூடப் படித்தவர்களில் ஒருத்தி வீடியோ கேமுக்குக் காட்சிகள் வரைகிறாள். இன்னொருவன் கண்காட்சிகளில் படம் மாட்டுவது, விளக்கு அமைப்பது என்று அலைகிறான். ஓவியம் விற்று மட்டுமே வாழ்கிறவர் எங்கள் வகுப்பில் ஒருவர்கூட இல்லை.

அப்புறம், "மதிப்பெண்ணை யாரும் கேட்கமாட்டார்கள், போர்ட்ஃபோலியோதான் (நாம் செய்த படைப்புகளின் தொகுப்பு) பேசும்" என்று அன்று சொன்னவருக்கு: பாதி சரி. நேர்காணலில் முடித்த படங்களை ஒரு பார்வைதான் பார்த்தார்கள். அழுக்கேறிய ஸ்கெட்ச் புத்தகத்தைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள்.