ஏசி ட்ரெயின் பைப் அடைப்பு: எங்கே அடைக்கிறது, எப்படித் தடுப்பது? அனுபவங்களைப் பகிருங்கள்

மடிப்பாக்கம், வீட்டு உரிமையாளர்

ஸ்ப்ளிட் ஏசி சொட்டுவது, கேசட் ஏசி (சீலிங்கில் பதிக்கும் வகை) தானாக நின்றுபோவது, இரண்டையும் இங்கே ஒரே இடத்தில் சேர்த்து வைப்போம். தண்ணீர் சொட்டினாலே "கேஸ் (குளிரூட்டும் வாயு) குறைஞ்சிருக்கு" என்று சொல்லி காசு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் ட்ரெயின் (ஏசித் தண்ணீர் வெளியேறும் வழி) அடைப்புக்குக் கேஸ் ஏற்றிக்கொண்ட வீடுகளும் இருக்கின்றன. தொழிலில் இருப்பவர்களும் வீட்டிலேயே பராமரிப்பவர்களும் எழுதுங்கள்: எந்த இடத்தில் அடைத்தது, எப்படிக் கண்டுபிடித்தது, என்ன செய்ததும் சரியானது?

ஏசி மெக்கானிக், வேளச்சேரி

சென்னைப் புழுக்கத்தில் 1.5 டன் ஸ்ப்ளிட் ஒரு மணி நேரத்துக்கு 1 முதல் 2 லிட்டர் வரை தண்ணீர் இறக்கும். ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு குடம் நிறையும். அத்தனையும் விரல் பருமன் உள்ள ஒரு வழியில்தான் வெளியே போயாக வேண்டும்.

அதை அடைப்பது உப்பு என்று நினைத்து ஆசிட் ஊற்றுகிறார்கள். காற்றிலிருந்து பிரிந்து வரும் தண்ணீரில் உப்பு எங்கே இருக்கிறது? அடைப்பது கொழகொழவென்ற அழுக்கு. ஃபில்டரைத் தாண்டி வரும் தூசி, துணிப் பஞ்சு, சமையல் எண்ணெய்ப் புகை எல்லாம் காற்றைக் குளிர்விக்கும் ஈரமான காயிலில் ஒட்டி, கீழே இருக்கும் ட்ரேயில் இறங்குகின்றன. அங்கே இருட்டும் ஈரமும் இருப்பதால் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து வளர்கின்றன. ஊறிய சப்ஜா விதை மாதிரி கையில் வழுக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் இடத்தில் இது அவ்வளவு சீக்கிரம் தடிக்காது. தேங்கும் இடத்தில்தான் தடிக்கும். அதனால் அடைப்பை எடுத்தால் மட்டும் போதாது, தண்ணீர் ஏன் அங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அடிக்கடி மாட்டும் புகார் ஒன்று: ஜெட் பம்ப் வைத்து வாட்டர் சர்வீஸ் செய்து இரண்டு வாரத்தில் சொட்ட ஆரம்பிக்கும். காயிலில் இருந்த தூசி மொத்தமும் ட்ரேக்கு இறங்கியிருக்கும், ட்ரேயைக் கழுவாமல் மூடியிருப்பார்கள். சர்வீஸ் முடிந்ததும் ட்ரேயில் தண்ணீர் ஊற்றி, வெளி முனையில் தெளிவாக வரும்வரை விடச் சொல்லுங்கள். அது முடியாமல் மெக்கானிக்கைக் கிளம்ப விடாதீர்கள்.

இன்னொன்று. நிறைய மாடல்களில் ட்ரேக்கு இடது, வலது என்று இரண்டு வாய் இருக்கும். ஒன்றில் ட்ரெயின் பைப், மற்றதில் ரப்பர் அடைப்பான். கழற்றி மாட்டும்போது அந்த ரப்பர் சரியாக உட்காராவிட்டால் அந்த மூலையில் மட்டும் சொட்டும். பைப்பை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இது நிற்காது.

சொட்டும்போது என்ன பார்ப்பது: எம்சிபியை (ஏசிக்கான மின் சுவிட்ச்) ஆஃப் செய்து, முன்மூடியைத் திறந்து, ஃபில்டரைக் கழற்றி டார்ச் அடியுங்கள். ட்ரே விளிம்பு வரை தண்ணீர் நின்றால் வெளியே போகும் வழி அடைத்திருக்கிறது. காயிலில் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தால் ட்ரெயினைக் குறை சொல்லாதீர்கள். காற்றோட்டம் குறைந்திருக்கிறது, அல்லது கேஸ் குறைந்திருக்கிறது. முதலில் ஃபில்டரையும் உள்ளே சுழலும் புளோயரையும் கழுவிப் பாருங்கள், கேஸ் பேச்சு அப்புறம். ட்ரேயில் தண்ணீர் இல்லை, ஆனால் சுவரில் ஒழுகுகிறது என்றால் பின்பக்கக் காயிலுக்கு உள்ள தனி வாய்க்கால் அடைத்திருக்கலாம். காயில் புளோயரைச் சுற்றி வளைந்திருக்கும்; பின்பக்கம் விழும் நீர் அந்த வாய்க்கால் வழியாகத்தான் முன் ட்ரேக்கு வரும். அதை வீட்டில் நோண்ட முடியாது, ஆளைக் கூப்பிடுங்கள்.

குடும்பத் தலைவி, தூத்துக்குடி

அண்ணன் சொன்னது ரொம்பச் சரி. மெக்கானிக் வருவதற்கு முன்னால் வீட்டில் செய்யக்கூடியதை எழுதுகிறேன். கடற்கரை ஊரில் ஈரமும் தூசியும் சேர்ந்து வருவதால் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரில் பின்பக்கமிருந்து கழுவி நிழலில் உலர்த்தணும். ஈரத்தோடு மாட்டினால் அதிலேயே தூசி அப்பிக்கொள்ளும்.

மாதம் ஒரு முறை ட்ரெயின் சோதனை. எம்சிபி ஆஃப். வெளி முனைக்குக் கீழே ஒரு அளவுக் குவளை வையுங்கள். சாஸ் பாட்டில் மாதிரி கூர்மூக்கு உள்ள பாட்டிலில் 1 லிட்டர் தண்ணீர் எடுத்து, காயிலின் அடிப்பகுதியில் மெல்ல விடுங்கள். எலக்ட்ரிக்கல் பகுதி பெரும்பாலும் வலது கைப் பக்கம் இருக்கும், அந்தப் பக்கமே போகக் கூடாது. ஊற்ற ஊற்ற வெளியே விடாமல் வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, நிறுத்தி நிறுத்திக் குபுக்கென்று வந்தாலோ உள்ளே அழுக்குப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. சொட்டு வீட்டுக்குள் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அப்போது வெள்ளை வினிகர் 250 மில்லி. காயில் தகட்டின் மேல் விடாமல், மெல்லிய டியூப் வைத்து ட்ரேக்குள்ளேயே விட்டு அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் ஒன்றரை லிட்டர். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிவிசி இளகி வளையும், இணைப்பு விட்டுப்போகும். வினிகர் வளர ஆரம்பித்ததைத்தான் கரைக்கும். முழுசாக அடைத்த பைப்பை அது திறக்காது.

டாய்லெட் கிளீனரும் பிளீச்சிங் பவுடர் கரைசலும் கூடவே கூடாது. காயிலின் அலுமினியத் தகட்டை அரித்துவிடும். பிளீச்சிங்கும் வினிகரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய படுக்கையறையில் அது உயிருக்கே ஆபத்து.

சைட் இன்ஜினியர், கோவை

நன்றி அக்கா. முழுசாக அடைத்த பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை: வெளியிலிருந்து காற்றடிக்காதீர்கள், உறிஞ்சுங்கள். சைக்கிள் பம்ப்போ புளோயரோ வைத்து அடித்தால் அழுக்கு திரும்ப ட்ரேக்குப் போய் சுவரிலும் போர்டிலும் தெறிக்கும், சுவருக்குள் இருக்கும் இணைப்பும் கழன்றுகொள்ளும். தண்ணீரும் உறிஞ்சக்கூடிய வேக்குவம் கிளீனரை வெளி முனையில் வைத்து, சுற்றி ஈரத்துணியைக் கையால் இறுக்கிப் பிடித்து இரண்டு மூன்று நிமிடம் ஓட்டினால் கட்டி வந்துவிடும். சாதாரண வேக்குவத்தில் செய்தால் மோட்டார் போய்விடும்.

ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது பைப் போடும் விதத்தைப் பற்றி. வருஷா வருஷம் அடைக்கிற வீடுகளில் குறை பெரும்பாலும் சரிவில் இருக்கிறது. மீட்டருக்கு 1 செ.மீ. சரிவாவது வேண்டும், 2 கொடுத்தால் நிம்மதி. நெளிநெளியான ஃப்ளெக்ஸிபிள் பைப்பை நீளமாக இழுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு கிளாம்புக்கு நடுவிலும் தொய்யும். ஒவ்வொரு தொய்விலும் தண்ணீர் நிற்கும். இரண்டு தொய்வுக்கு நடுவே காற்று சிக்கினால் அழுக்கே இல்லாமல்கூடத் தண்ணீர் போகாது. உள் யூனிட்டிலிருந்து சுவரைத் தாண்டும் வரை மட்டும் ஃப்ளெக்ஸிபிள், அதற்கப்புறம் 25 மி.மீ. கெட்டிப் பிவிசி. திருப்பத்தில் ஒரு 90 டிகிரி எல்போவுக்கு (வளைவு இணைப்பு) பதில் இரண்டு 45. சுவர் ஓட்டை வெளிப்பக்கம் அரை செ.மீ.யாவது தாழ்ந்திருக்கணும். காப்பர் பைப், வயர், ட்ரெயின் மூன்றையும் சேர்த்து டேப் சுற்றும்போது ட்ரெயின் அடியில் வரணும். மேலே வைத்து இறுக்கினால் நசுங்கிவிடும்.

புது வீட்டில் சுவருக்குள் புதைக்கிற பைப்பாக இருந்தால், பூச்சு வேலைக்கு முன்னால் கீழ் முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் இணைப்பு ஒழுகுகிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போகும் ட்ரெயினுக்கு இன்சுலேஷன் அவசியம். குளிர்ந்த பைப் வெளியே வியர்த்து சீலிங்கில் கறை விழும், அடைப்பு என்று நினைத்துப் பைப்பை உடைப்பார்கள்.

முனை எங்கே விடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். ஏசி தண்ணீரைச் செடிக்குப் பிடிக்கிறவர்கள் பைப் முனையை வாளித் தண்ணீருக்குள் மூழ்க விடுகிறார்கள். காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீர் பின்னுக்கு நிற்கும். வாளி நிரம்பினாலும் முனைக்கும் தண்ணீருக்கும் ஒரு ஜாண் இடைவெளி இருக்கட்டும். மழைநீர்ப் பைப்பில் சேர்த்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் எதிர்த்து வரும். டாய்லெட் லைனில் நேரடியாகச் சேர்த்தால் நாற்றம் படுக்கையறைக்கு வருவதோடு, சாக்கடை வாயு காப்பர் காயிலைக் கறுக்கடித்து அரிக்கும். அப்புறம் கேஸ் லீக்.

கேசட், டக்டபிள் சர்வீஸ், துரைப்பாக்கம்

வீட்டு ஸ்ப்ளிட் பெரும்பாலும் அடைத்தால் சொட்டும், நிற்காது. கேசட் நின்றுவிடும், அது நல்லதுக்குத்தான். உள்ளே ஒரு சின்னப் பம்ப் தண்ணீரை மேலே தூக்கி வெளியே தள்ளுகிறது. பக்கத்தில் ஒரு மிதவை சுவிட்ச். தண்ணீர் மட்டம் ஏறினால் மிதவை மேலே வந்து கம்ப்ரஸரை நிறுத்தி, டிஸ்ப்ளேயில் எர்ரர் கோடு (பிழைக் குறியீடு) காட்டும். கோடு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, கையேட்டில் பாருங்கள்.

அப்படி நின்றால் ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டே இருக்காதீர்கள். காது கொடுத்துக் கேளுங்கள். பம்ப் ஓடும் சத்தம் இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் பைப் அடைப்பு, அல்லது பம்ப் வாயில் அழுக்கு. சத்தமே இல்லை என்றால் பம்ப் அல்லது அதற்கு வரும் சப்ளை. ட்ரே காய்ந்திருந்தும் எர்ரர் போகவில்லை என்றால் மிதவை தண்டில் அழுக்கு பிடித்து மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கழற்றித் துடைத்தால் போதும். மிதவை சுவிட்சை ஷார்ட் செய்து ஓட்டிவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள். அடுத்த முறை தண்ணீர் சீலிங்கோடு இறங்கும்.

இரண்டு மூன்று கேசட் ஒரே பைப்பில் சேர்ந்தால் ஒவ்வொன்றும் பொதுப் பைப்பின் மேல்பக்கமாக வந்து சேர வேண்டும். பக்கவாட்டில் சேர்த்தால் ஓடாமல் இருக்கும் யூனிட்டுக்குள் பக்கத்து யூனிட் தண்ணீர் திரும்பும்.

டக்டபிள் (குளிர்காற்றைப் பெரிய குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பும் ஏசி) கதை வேறு. பெரும்பாலும் புளோயர் காயில் வழியாகக் காற்றை இழுப்பதால் ட்ரே இருக்கும் அறையில் உறிஞ்சல் இருக்கும். ட்ரெயின் பைப்பில் தண்ணீர் நின்று காற்றை மறிக்கும் யு வளைவு வைக்காவிட்டால் வெளிக்காற்று பைப் வழியாக உள்ளே ஏறித் தண்ணீரை இறங்க விடாது. ஏசி ஓடும்போது ஒரு சொட்டும் வராமல், ஆஃப் செய்ததும் மொத்தமாகக் கொட்டினால் இதைத்தான் சந்தேகப்படணும். வளைவுக்கு மேலே திறக்கும் மூடி ஒன்றும் வையுங்கள், சுத்தம் செய்ய வேறு வழி கிடையாது. மூன்று மாதம் ஓடாமல் இருந்தால் வளைவில் உள்ள தண்ணீர் வற்றிவிடும்; சீசன் ஆரம்பத்தில் ஒரு லிட்டர் ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

சாதாரண சுவர் ஸ்ப்ளிட்டுக்கு இந்த யு வளைவு தேவையே இல்லை. அழகுக்காகப் பைப்பைச் சுருட்டிக் கட்டிவைத்தால் அடைப்பை நாமே வரவழைக்கிறோம்.

ஹூஸ்டன், டெக்சாஸ்

இங்கே இருக்கும் நம்மவர்களுக்காக. ஏசியின் உள்பகுதி பெரும்பாலும் கூரைக்கடியில் ஆட்டிக்கில் இருக்கும், கீழே ஒரு உபரித் தட்டும் மிதவை சுவிட்சும் இருக்கும். கோடையில் திடீரென்று தெர்மோஸ்டாட் திரையே அணைந்துபோனால் பேட்டரி மாற்றுவதற்கு முன்னால் ஆட்டிக்கில் போய்ப் பாருங்கள். சுவிட்ச் 24 வோல்ட் சப்ளையை வெட்டும்படி இணைத்திருந்தால் திரை அணைந்துவிடும். இன்னொரு அறிகுறி, ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் தண்ணீர் சொட்டுவது. அது இரண்டாம் குழாய். கண்ணில் படட்டும் என்றுதான் அங்கே விட்டிருக்கிறார்கள். அது சொட்டினால் முதல் குழாய் அடைத்திருக்கிறது.

பல வீடுகளில் முதல் குழாய் குளியலறை வாஷ்பேசினுக்கு அடியில் போய்ச் சேரும். கோவை இன்ஜினியர் சொன்ன சாக்கடை வாயு ஆபத்து இதில் இல்லை, பேசின் வளைவுக்கு முன்னாலேயே சேர்ப்பதால். ஆனால் வெளி முனை கிடைக்காது. யூனிட்டுக்குப் பக்கத்தில் மூடி போட்ட டீ (T வடிவப் பைப் இணைப்பு) இருக்கும், அங்கிருந்துதான் வேக்குவத்தால் உறிஞ்சணும். மாதம் ஒரு கப் வினிகர் அதே டீயில். வருஷம் ஒரு முறை உபரித் தட்டில் தண்ணீர் ஊற்றி, மிதவை ஏறியதும் ஏசி நிற்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

மடிப்பாக்கம், வீட்டு உரிமையாளர்

அருமை. ஒரு கேள்வி: வெளி முனையில் பல்லி, எறும்பு, குளவி நுழைவதைத் தடுக்க வலை கட்டலாமா?

ஏசி மெக்கானிக், வேளச்சேரி

சீசனில் கட்டாதீங்க சார். கொசுவலைக் கண்ணில் அந்தக் கொழகொழப்பு இரண்டு மாதத்தில் படலமாக மூடிவிடும். ஏசி ஓடாத மார்கழி, தை மாதங்களில்தான் மண்குளவி பைப் வாயில் கூடு கட்டும். கடைசியாக ஏசியை நிறுத்தும் நாளில் ஃபேன் மோடில் இரண்டு மணி நேரம் ஓட்டிக் காயிலைக் காயவிட்டு, ட்ரேயைக் கழுவி, அப்புறம் முனையில் நைலான் வலைத் துண்டு வைத்து ரப்பர் பேண்டு போடுங்கள். வலை இருப்பது மறந்துபோகும், அதனால் ரிமோட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி "வலை" என்று எழுதிவையுங்கள். மாசியில் வலையை எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, வெளியே அளந்து பார்த்த பிறகு ஆன் செய்யுங்கள். மண்கூடு இருந்தால் கம்பி விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே போய் எல்போவில் மாட்டிக்கொள்ளும். முனையைத் தண்ணீரில் ஊறவைத்தால் மண் கரைந்து தானாக விழும்.