புது மாஸ்க்: நெருப்பா, பற்பசையா?

பவளத்திட்டு: அடுத்த வாரம் புதுச்சேரியில் டைவிங் போகிறேன். புது மாஸ்க்கை நீச்சல் குளத்தில் போட்டுப் பார்த்தால் இறங்கிய சற்று நேரத்திலேயே கண்ணாடி முழுக்க ஆவி படிகிறது. எச்சில் தடவியும் பயனில்லை. லைட்டரால் சுடச் சொல்கிறார் கடைக்காரர். சுடலாமா?

நங்கூரம்: டெம்பர்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடி என்றால் தாராளமாகச் சுடலாம். தயாரிக்கும்போதே கண்ணாடியில் மெல்லிய சிலிகோன் படலம் ஒட்டிக்கொள்கிறது. அது இருக்கும்வரை எச்சில் பிடிக்காது. உள்பக்கமாகச் சுடரைக் காட்டி, ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். கரி படியும், ஆறியதும் துடைத்துவிட்டு மறுபடி காட்டுங்கள். பற்பசையைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்வதுதான் மிச்சம்.

கடற்குதிரை: முதல் மாஸ்க் வாங்கியவருக்கா இந்த யோசனை? கை சற்றே விலகினால் முகத்தில் பதியும் சிலிகோன் விளிம்பு பாழாகிவிடும். அப்புறம் ஆவிக்குப் பதில் தண்ணீரே உள்ளே வரும். பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் உருகிவிடும். ஆவி தடுப்பு போன்ற பூச்சுள்ள கண்ணாடி என்றால் பூச்சு போய்விடும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை எடுத்து விரல் நுனியால் வட்ட வட்டமாகத் தேய்த்துக் கழுவி, உலர்ந்ததும் கண்ணாடியில் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி திட்டுத்திட்டாக நின்றால் படலம் இன்னும் போகவில்லை, மறுபடி தேய்க்க வேண்டியதுதான். பூச்சுள்ள கண்ணாடிக்குப் பற்பசையும் ஆகாது.

நங்கூரம்: கண்ணாடியும் சிலிகோனும் சேரும் மூலையில் விரல் நுழையாதே. அங்கே மிஞ்சுகிற படலம்தான் ஓரத்திலிருந்து மங்கலைக் கொண்டுவருகிறது.

கடற்குதிரை: அந்த மூலையில்தான் நெருப்பு படவே கூடாது! மென்மையான பழைய பல் துலக்கி போதும்.

ஓங்கில்: படலம் போனாலும் ஒவ்வொரு முறை இறங்குமுன்னும் ஏதாவது தடவியே ஆக வேண்டும். முகத்திலிருந்தும் மூச்சிலிருந்தும் வரும் ஈரம், கடல்நீரால் குளிர்ந்த கண்ணாடியில் துளித்துளியாக நிற்கிறது. எச்சிலோ நீர் கலந்த பேபி ஷாம்புவோ பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் துளி பரந்து, பார்வையை மறைக்காத மென்படலமாகிவிடும். நான் ஷாம்பு பக்கம். படகில் எல்லோரும் எச்சில் துப்பிய மாஸ்க்கை ஒரே வாளியில் முக்குவதைப் பார்த்தால் கண்நோய் பயம் வருகிறது.

நங்கூரம்: எச்சில் எப்போதும் கூடவே இருக்கிறது, ஓங்கில். வாளி வேண்டாமென்றால் கடல்நீரில் அலசட்டும். ஷாம்புவைச் சரியாக அலசாவிட்டால் ஆழத்தில் கண் எரியும்.

ஓங்கில்: அதனால்தான் நீர் கலக்கச் சொன்னேன், ஒருமுறை அலசினால் எரிச்சல் இராது. பவளத்திட்டு, மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைக்காதீர்கள், மூக்கால் மூச்சு விடாதீர்கள். கீழே மங்கினால் விளிம்பைச் சற்றுத் தளர்த்திக் கொஞ்சம் தண்ணீரை விட்டு, தலையை ஆட்டி அலசி, நிமிர்ந்து மூக்கால் ஊதி வெளியேற்றுங்கள். இதைக் குளத்திலேயே பழகிவிட்டுப் போங்கள். கலங்கலான நாளில் கண்ணாடியும் மங்கினால் கூட வருபவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

பவளத்திட்டு: கண்ணாடியில் டெம்பர்ட் என்று பொறித்திருக்கிறது, பூச்சு இல்லை. ஆனாலும் நெருப்பு வேண்டாம். இன்றிரவு பற்பசை, நாளை குளத்தில் தண்ணீர் வெளியேற்றும் பயிற்சி.

நங்கூரம்: இரண்டு முறை தேய்த்தும் போகாவிட்டால் இங்கேயே சொல்லுங்கள். லைட்டர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.