காற்றாலை தயார், லைன் தயாரில்லை: துர்கானா திட்டம் எங்கே மாட்டியது?

தென்காற்று:
கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலையில் 850 கிலோவாட் டர்பைன்கள் 365, மொத்தம் 310 மெகாவாட். 2017 தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் நிறுவி முடித்துவிட்டார்கள். காற்றாலை இருக்கும் லோயங்களானியிலிருந்து தெற்கே சுஸ்வா துணைமின்நிலையத்துக்குப் போகும் 400 கேவி (கிலோவோல்ட்) மின்கம்பி லைன் சார்ஜ் ஆனதோ, அதாவது அதில் மின்சாரம் ஏற்றப்பட்டதோ, 2018 செப்டம்பரில்தான். டர்பைனைவிட மின்கம்பி டவர் எளிதான வேலைதானே, ஏன் இவ்வளவு இழுத்தது?

டவர்லைன்:
ஒரு டவர் எளிதுதான் சார். ஆனால் காற்றாலைக்கு நிலம் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது. இந்த லைன் சுமார் 430 கி.மீ. 400 மீட்டருக்கு ஒன்று என்று வைத்தாலே டவர் ஆயிரத்தைத் தாண்டும். வழித்தடம் 60 மீட்டர் அகலம். வடக்கே மேய்ச்சல் நிலம். தெற்கே நியாண்டருவா, நாகுரு பக்கம் வந்தால் சின்னச் சின்னப் பண்ணைகள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும்.

கண்டக்டரை (மின்கம்பியை) ஒரு டென்ஷன் டவரிலிருந்து (கம்பியின் இழுவிசையைத் தாங்கும் டவர்) அடுத்த டென்ஷன் டவர் வரைக்கும் மொத்தமாகத்தான் இழுக்க முடியும்; இந்த நீளம்தான் ஒரு செக்‌ஷன். நடுவில் ஒரு விவசாயி இழப்பீடு வரவில்லை என்று குழி தோண்ட விடாவிட்டால் அந்த செக்‌ஷனே நின்றுவிடும். பக்கத்து நிலத்துக்கு டவரைத் தள்ளலாமே என்பார்கள். தள்ளினால் லைன் வளையும். நேர்லைனுக்கான சஸ்பென்ஷன் டவர் ஓரிரு டிகிரிக்கு மேல் கோணம் தாங்காது, அங்கே ஆங்கிள் டவர் வேண்டும். அதற்கான இரும்பு கையில் இருக்காது. புதிதாக ஆர்டர் போட்டு, கப்பலில் மொம்பாசா வந்து, பிறகு லாரியில் ஏற வேண்டும். அடித்தளமும் பெரிது, ஸ்டப் செட்டிங் (டவர் கால்களைக் குழியில் சரியாக நிறுத்துவது) முடிந்து கான்கிரீட் போட்டால் அது இறுகவே 2 முதல் 4 வாரம்.

அதனால் “95% முடிந்தது” என்ற அறிக்கையை நம்பவே கூடாது. எத்தனை செக்‌ஷன் முழுசாக ஸ்ட்ரிங்கிங் (கம்பி இழுப்பு) ஆகியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

ஒப்பந்தப்பிரிவு:
நிலம் பாதிக் கதைதான். லைனை எடுத்திருந்த ஸ்பெயின் நிறுவனம் ஐசோலக்ஸ் கோர்சான் 2017-ல் திவாலானது. மீதி வேலையைச் சீன நிறுவனங்கள் முடித்தன. காற்றாலை தயாராக இருந்தும் மின்சாரத்தை எடுக்க முடியாததால் அரசுத் தரப்பு நஷ்டஈடு தர வேண்டியதாயிற்று. லைன் ஒப்பந்ததாரரின் தாமத அபராதத்துக்குப் பொதுவாக உச்சவரம்பு உண்டு. காற்றாலைக்குத் தரும் தொகையோ மாதாமாதம் ஏறும். இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய தவறு.

ஒப்பந்ததாரர் பாதியில் போனால் அடுத்து வருபவரைத் தடுப்பது பட்டறை வரைபடம் (டவரின் ஒவ்வொரு இரும்புத் துண்டையும் செய்வதற்கான வரைபடம்) இல்லாததுதான். அது இல்லாமல் குறைகிற ஒரு பிரேசிங் துண்டைக்கூட (டவரின் குறுக்குச் சட்டத்தைக்கூட)ச் செய்ய முடியாது. வரைபடங்கள், சோதனை அறிக்கைகள், போல்ட் பட்டியல் எல்லாம் ஒவ்வொரு பில் தொகையோடும் உரிமையாளர் கைக்கு வந்துவிட வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

தென்காற்று:
நன்றி. கடைசி செக்‌ஷனும் முடிந்துவிட்டால் உடனே சார்ஜ் பண்ணிவிடலாமா?

டவர்லைன்:
முடியாது சார். இவ்வளவு நீள 400 கேவி லைன் சுமையில்லாமல் இருந்தால், ஒரு சர்க்யூட்டே (மூன்று ஃபேஸ் கம்பிகளின் ஒரு தொகுதியே) 200 எம்விஏஆருக்கு மேல் ரியாக்டிவ் பவரை (வோல்டேஜை உயர்த்தும் மின்திறனை) உற்பத்தி செய்யும். காற்றில்லாத நேரத்தில் கடைசி முனையில் வோல்டேஜ் எகிறிவிடும், அதை உறிஞ்சும் ஷன்ட் ரியாக்டர் தயாராகாமல் தொடவே கூடாது. அப்புறம் லைன் முழுக்க நடந்து பார்க்க வேண்டும்: கீழ் பிரேசிங் திருடு போயிருக்கிறதா (கீழ்ப்பகுதிக்குத் திருட்டுத்தடுப்பு போல்ட் போடுங்கள்), டவரின் எர்த்திங் மின்தடை 10 ஓமுக்குள் இருக்கிறதா, மரக்கிளை இடைவெளி போதுமா. ஸ்ட்ரிங்கிங் சமயத்தில் பாதுகாப்புக்காகக் கம்பியை நிலத்தோடு இணைத்து மாட்டிய தற்காலிக எர்த் ஒவ்வொன்றுக்கும் டவர் எண்ணோடு பதிவேடு வேண்டும். மாட்டிய எண்ணிக்கையும் கழற்றிய எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகுதான் லைனை மின்சாரத்தோடு இணைக்கும் பிரேக்கரைப் போட வேண்டும்.