டயாலிசிஸ் வரிசைக்கு எழுத்தில் விதி வைத்திருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கிறேன். டயாலிசிஸ் மெஷின் மூன்றுதான் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. எல்லா இடமும் நிரம்பிவிட்டது.

போன மாதம் ஒரு இடம் காலியானது. முதலில் பெயர் கொடுத்திருந்தவர் நடவு வேலைக்குப் போகும் ஒரு அக்கா, கையில் காப்பீட்டு அட்டை மட்டும்தான். நன்கொடையாளர் ஒருவரின் உறவினருக்காகப் போன் மேல் போன். அக்காவுக்கே கொடுத்தோம். டாக்டர் உறுதியாக நின்றதால் நடந்தது. அடுத்த முறை அவர் லீவில் இருந்தால்?

மருத்துவ அறநெறியில் நோயாளியின் விருப்பம், நன்மை, தீங்கு செய்யாமை, நீதி என நான்கு கோட்பாடுகள் சொல்வார்கள். அந்த நீதியை விதியாக எழுத உட்கார்ந்தால்தான் கை நிற்கிறது. பதிவு செய்த தேதியா, உடல்நிலையா, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் போய்வர முடியாத நிலையா? அவசரமாக வருபவரைப் பற்றிக் குழப்பமில்லை. உயிர் காப்பதே முதல் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் இடத்தில் எழுதிய விதி இருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள். முடிவெடுக்கும் குழுவில் வெளியாள் யாரை வைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை டிரஸ்டிகள் கூட்டம், அதற்குள் கிடைத்தால் பெரிய உதவி.