அவுரித் தொட்டியில் விரல் விட்டு நாக்கில் வைத்தவர்: கோடையில் சாயம் கற்ற அனுபவங்கள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

போன மே மாதம் வீட்டில் நீலச் சாயத் தொட்டி போட்டபோது நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தொட்டி போட்டவர்களுக்கு மற்றது தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். தகரை விதை வேகவைத்த கஞ்சி, சுண்ணாம்பு, திண்டிவனம் பக்கத்து அவுரிக் கட்டி (அவுரி இலையிலிருந்து எடுக்கும் நீலச் சாயம்). மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டிரம். நாலு நாள் அருமையாக இருந்தது. மேலே செம்பு நிற ஆடை, நடுவில் நீல நுரை. துணியைத் தூக்கினால் பச்சையாக வந்து, காற்று பட்டதும் கண்முன்னே நீலமாகும். ஐந்தாம் நாள் துணி சாம்பல் பூத்த மாதிரி வந்தது. அலசினால் அதுவும் போய்விட்டது.

கொட்டிவிடலாம் என்று நிற்கும்போது, எதிர் மாடியில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெரியவர், எழுபது வயதிருக்கும், "பாப்பா, நீலத் தொட்டியா அது?" என்றார். வாசனையை வைத்தே கேட்டார்! இறங்கி வந்தார். சுட்டுவிரலை உள்ளே விட்டு நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். துப்பிவிட்டு, "சாகலை. வெயில்ல புளிச்சிருக்கு. சுண்ணாம்பு கேக்குது" என்றார். தன்னுடைய வாளியிலிருந்தே கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு கை அள்ளிப் போட்டார். நனைந்த சாக்கை டிரம்மில் சுற்றி, "காலை வரைக்கும் கலக்காதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் நுரை திரும்பியிருந்தது. எதிர் மாடிக்கு ஓடினேன். வேலை முந்தின நாளே முடிந்துவிட்டதாம். மேஸ்திரி மூலம் வந்தவர், பெயர் யாருக்கும் தெரியவில்லை.

இந்த ஊரிலிருந்து நீலத்துணி 'கினி' என்ற பெயரில் கப்பலேறி செனகல் வரை போயிருக்கிறது. அவர் வீட்டில் யாராவது அந்தத் தொட்டிகளில் நின்றவர்களா? யாரிடம் கற்றீர்கள் தாத்தா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவே இல்லை.

தேவனாம்பட்டினம், கடலூர்

எனக்குத் தண்ணீர்தான் வினை. பள்ளி விடுமுறையில், துணியில் கையால் வரைந்து சாயமேற்றும் கலம்காரி கற்றேன். கடுக்காயும் எருமைப் பாலும் ஏற்றிய துணி, படிகாரத்தில் வரைந்த பூ, மஞ்சிட்டி என்ற சிவப்புச் சாய வேரில் வேகவைத்தேன். குங்குமச் சிவப்பை எதிர்பார்த்தால் கருப்பட்டி நிறம் வந்தது. மூன்று முறை.

கற்றுக்கொடுத்த அக்கா வீட்டுக்கு வந்தார். துணியைப் பார்க்கவே இல்லை, குளியலறைக் குவளையைப் பார்த்தார். உள்ளே துருக்கறை. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி. கேன் தண்ணீர் லேசாக மஞ்சளித்தது. போர் தண்ணீர் என் கண்ணெதிரே மை மாதிரி இருண்டது. "கசிம்னு சொல்ற கருப்புச் சாயம் காய்ச்ச இரும்பையும் வெல்லத்தையும் வாரக்கணக்கில் ஊறப் போடுறோம். உன் குழாயில் அது தானா வருது" என்றார். அந்த டம்ளர் இன்னும் கண்ணில் நிற்கிறது.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

முதல் பதிவுக்கு. தொட்டித் தண்ணீரை நாக்கில் வைப்பதை யாரும் பின்பற்ற வேண்டாம், சொல்லிவிட்டேன். சுண்ணாம்பு கூடியிருந்தால் நாக்கு வெந்துவிடும். கண்ணில் தெறித்தால் இன்னும் ஆபத்து. காரம் எவ்வளவு என்று காட்டும் பிஹெச் காகிதம் மலிவாகக் கிடைக்கிறது, 10, 11 பக்கம் இருந்தால் போதும். அக்கினி நட்சத்திரத்தில் தொட்டி வேகமாகப் புளிக்கும். அதனால் காலையும் மாலையும் பாருங்கள். சுண்ணாம்பைக் கையால் அள்ளாதீர்கள், சிறிது சிறிதாகக் கரைத்து ஊற்றுங்கள். டிரம்மை நிழலில் வையுங்கள். துணியை முழுசாக நனைத்துப் பிழிந்து, குமிழி எழாமல் இறக்குங்கள். ஒரே முக்கில் கருநீலம் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், ஆறேழு முறை இறக்கி ஏற்றினால்தான் நிற்கும்.

கடலூர்க்காரருக்கு: தண்ணீர் மட்டுமே காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தளதளவென்று கொதிக்கவிட்டாலும் சிவப்பு பழுப்பாகும்.

இன்னொன்று. 1734 வாக்கில் போல்யூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, இதே புதுச்சேரியில் சாயக்காரர் வேலை செய்வதைப் பார்த்து, படிப்படியாகத் துணித்துண்டு வெட்டிச் சேர்த்துக் குறிப்பு எழுதினார். அது பாரிஸில் பத்திரமாக இருக்கிறது. நாமும் அப்படிச் செய்யலாம். ஒவ்வொரு முக்குக்கும் ஒரு துண்டு, தேதி, எந்தத் தண்ணீர் என்ற குறிப்பு.

என் அனுபவம் சின்னது. போன வருடம் தொட்டி அழுகி, நாற்றம் தாங்காமல் கொட்டிவிட்டேன். அதற்கும் சுண்ணாம்புதான் கேட்டிருக்குமோ என்று இந்தப் பதிவைப் படித்ததிலிருந்து தோன்றுகிறது.

தேவனாம்பட்டினம், கடலூர்

அதே பாத்திரம், அதே அடுப்பு, அதே சூடு. கேன் தண்ணீரில் சிவப்பு வந்தது. அப்புறம் என்ன சந்தேகம்?

மஞ்சக்குப்பம், கடலூர்

துணியில் மெழுகு பூசி, அதன் வெடிப்பு வழியே சாயம் இறங்கவிடும் பாத்திக் பற்றி யாரும் எழுதவில்லையே. மே மாத மதியத்தில் மெழுகு இறுகவே இல்லை. கசக்கினால் வெடிப்பு விழாமல் களிமண் போல மடிந்தது. பாட்டி ஐஸ் பெட்டியைத் திறந்து, மீனுக்கு வைத்திருந்த ஐஸை அப்படியே வாளியில் கொட்டினார். துணியை முக்கியதும் 'பட பட' என்று ஒரு சத்தம் கேட்டது பாருங்கள். அந்த வெடிப்புக் கோடுகளோடு இருக்கிற துண்டைத்தான் சட்டமிட்டு மாட்டியிருக்கிறேன். மீன் வாடை போக நாலு முறை அலச வேண்டியிருந்தது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

லாஸ்பேட்டை நண்பருக்கு: காகிதம் என்னிடமும் இருந்தது. ஐந்தாம் நாள் அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் அவர் நாக்கில் வைத்ததை ஆபத்து என்று மட்டும் சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு போட வேண்டும் என்று அளக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உயரமானவர், இடது காது கொஞ்சம் மந்தம், தூரிகையை இடுப்பில் செருகியிருப்பார், எல்லோரையும் பாப்பா என்பார். உங்கள் தெருவில் வெள்ளையடிக்க வந்தால் எழுதுங்கள். முதல் நாலு நாள் துண்டுகளும், ஆறாம் நாள் துண்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அவரிடம் காட்ட.