கலைச்சொல்: செடிக்கு ‘அழுத்தம்’ சரிவருமா?

வணக்கம்.

வறட்சி, வெள்ளம் போன்ற பாதகங்களைச் செடி தாங்குவதை ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ் டாலரன்ஸ்’ (stress tolerance) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘அழுத்தச் சகிப்புத்தன்மை’ என்ற பரிந்துரையில் எனக்கு இரண்டு பாதியிலும் தகராறு.

முதலில் அழுத்தம். மனிதருக்கு மன அழுத்தம் என்றதால் செடிக்கும் அதையே மாட்டிவிட்டோம். ஆனால் செடியின் செல்லுக்குள் நிஜமாகவே ஓர் அழுத்தம் இருக்கிறது: நீர் நிறைந்து செல்சுவரைத் தள்ளும் விறைப்பழுத்தம். மண் காய்ந்தால் குறைவது அதுதான். ‘வறட்சி அழுத்தம் கூடக்கூட விறைப்பழுத்தம் குறையும்’ என்று எழுதினால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

‘தகைவு’ என்று ஒரு நண்பர் சொன்னார். தவறில்லை. இயற்பியலின் ஸ்ட்ரெஸ் (பொருள்மேல் செயல்படும் விசை), ஸ்ட்ரெயின் (அதனால் வரும் உருமாற்றம்) என்ற இணையைத் தாவரத்துக்குக் கொண்டுவந்தவர் தாவர உடலியலாளர் ஜேக்கப் லெவிட்; தகைவு, திரிபு அதற்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் பொறியியல் படிக்காதவருக்கு அகராதி தேவைப்படும். என் ஓட்டு ‘நெருக்கடி’க்கு. நீர் நெருக்கடி, உப்பு நெருக்கடி, வெப்ப நெருக்கடி, எதனோடும் ஒட்டுகிறது. திடீரென்று வருவதற்கு மட்டும்தானே நெருக்கடி என்பீர்கள். பண நெருக்கடி வருடக்கணக்கில் நீள்வதில்லையா?

அடுத்து சகிப்புத்தன்மை. அது மனம் சார்ந்த சொல். வறட்சியைத் ‘தாங்கும்’ ரகம் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம், ‘தாங்குதிறன்’ போதும். ஒரே சிக்கல், அந்தப் பேச்சுவழக்கில் தப்பிப்பதும் தவிர்ப்பதும்கூட அடங்கிவிடுகின்றன.

நெல்லையே பாருங்கள். வெள்ளம் மூழ்கடித்ததும் ஆழ்நீர் நெல் தண்டை மடமடவென்று நீட்டி, நுனியை நீருக்கு மேல் கொண்டுவந்துவிடும். அது தப்புதல். 2006இல் அடையாளம் காணப்பட்ட சப்1ஏ மரபணு உள்ள நெல் நேர்மாறு: வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைச் செலவழிக்காமல், சுமார் இரண்டு வாரம் நீருக்கடியில் கிடந்து, வடிந்தபின் மீண்டும் துளிர்க்கும். இதுதான் தாங்குதல். ஒரே பயிர், ஒரே வெள்ளம், இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பாடமே குழம்பிவிடும்.

வறட்சியில் ‘தவிர்ப்பு’ வேண்டும். அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் கூடியதும், இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன, பின்னாலேயே நீரும். செல்கள் தொய்ந்து இலைத்துளை மூடுகிறது. இலைக்குள் ஈரம் இன்னும் இருக்கிறது, அதனால் இதைத் தாங்குதலில் சேர்க்க மாட்டேன். ஈரம் போனபிறகும் சவ்வும் புரதமும் சிதையாமல் இருந்தால்தான் தாங்குதல். உயிர்த்தெழும் தாவரங்கள் என்ற சில, தம் நீரில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்தும் நனைத்தால் பச்சை பிடிக்கின்றன.

புரோலின் என்ற அமினோ அமிலம்தான் வம்பு. செல்லுக்குள் சேர்ந்து நீரையும் இழுத்து வைக்கிறது, புரதங்களையும் காக்கிறது. தவிர்ப்பிலும் ஒரு கால், தாங்குதலிலும் ஒரு கால். நிறையச் சேர்ந்தாலும் நொதிகளுக்குத் தொந்தரவு தராத இவ்வகைப் பொருள்களை (ஆங்கிலத்தில் compatible solutes) ‘இணக்கக் கரைபொருள்’ என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். ‘ஒத்திசை கரைபொருள்’ மட்டும் வேண்டாம், சங்கீதக் கச்சேரி ஞாபகம் வருகிறது. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.