ஓடும் விதத்தைச் சொல்லித்தர முடியுமா?

கேள்வி:
வயது 41. ஓட ஆரம்பித்து எட்டு மாதம். நேற்று மகள் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். குதிகாலை உடம்புக்கு வெகு முன்னால் தொப் தொப்பென்று போடுகிறேன். வலது கை யாரையோ விரட்டுவதுபோல் வீசுகிறது. முட்டியும் வலிக்கிறது. இதைத் திருத்த முடியுமா, இல்லை பிறவியிலேயே வருவதா?

பதில் 1:
கையை விடுங்கள். செக்கோஸ்லோவாகியாவின் ஓட்ட வீரர் எமில் ஜாடோபெக் முகத்தைக் கோணிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டித்தான் ஓடினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம்.

பதில் 2:
ஜாடோபெக்கைச் சொல்லியே எல்லாரும் தப்பித்துக்கொள்கிறோம்! இவருக்கு முட்டி வலிக்கிறதே. நானும் இப்படித்தான் ஓடினேன். முன்பாதத்தில் இறங்கு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒரே வாரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்புறம் பாதத்தைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று மட்டும் எண்ணினேன். 158. மெட்ரோனோம் (சீரான தாளத்தில் டிக் டிக்கென்று ஒலிக்கும் கருவி) வைத்து, வேகத்தைக் கூட்டாமல், 166 ஆக்கினேன். அடி சுருங்கியதும் பாதம் தானாகவே இடுப்புக்குக் கீழே வந்தது, முட்டிக்குச் சுமையும் குறைந்தது. பழக மூன்று மாதம் ஆனது. களைத்துப்போனால் இன்னும் பழைய தொப் தொப்தான்.

கேள்வி கேட்டவர்:
இன்று எண்ணினேன்: 154. சரி, 162 வைத்து ஓடிவிட்டு மறுபடி வீடியோ எடுக்கச் சொல்கிறேன். கையைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.